அந்தி நேரத்து மைதானம்: ஃபிளாஷ் படம் எதனால் கெடுகிறது, எதைத் திருப்பினால் சரியாகும்

கபடி, வாலிபால், கால்பந்து, நீளம் தாண்டுதல் என்று எதுவானாலும் சரி, பிள்ளைகள் மாலையில் ஆடுவதை ஆஃப்-கேமரா ஃபிளாஷ் (கேமராவில் மாட்டாமல் தனி ஸ்டாண்டில் நிற்கும் ஃபிளாஷ்) வைத்து எடுக்கும்போது திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான் வருகின்றன. படத்தில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்து அவற்றைக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ நேராக அங்கே போய்விடலாம்.

ஆனால் எந்தக் கோளாறானாலும் முதலில் ஒரு சோதனை. கேமராவில் எதையும் தொடாமல், ஃபிளாஷுக்குச் சைகை அனுப்பும் ட்ரிக்கரை மட்டும் அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷ் படம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்த இரண்டு படங்கள். வானமும் வெயிலும் பதிவது ஒன்று, ஃபிளாஷ் பதிவது இன்னொன்று. இந்தச் சோதனை முதல் படத்தை மட்டும் தனியே பிரித்துக் காட்டிவிடும். அதில் வானம் நீங்கள் விரும்பிய நிறத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் ஏறக்குறையக் கருப்பாக இருக்க வேண்டும். வானம் வெளுத்திருந்தாலோ, பிள்ளையின் முகம் ஃபிளாஷ் இல்லாமலே தெளிவாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் பவரை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, அதாவது எஃப் எண்), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்.

கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேலூரில் நவம்பரில் ஐந்தே முக்காலை ஒட்டியும், ஜூலையில் ஆறு நாற்பதை ஒட்டியும் சூரியன் மறைகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஐரோப்பாவில் எடுத்த வீடியோவைப் பார்த்து, அந்தி வெளிச்சம் ஒரு மணி நேரம் காத்திருக்கும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான்.

நமக்கு வேறொரு வசதி இருக்கிறது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் பல மைதானங்களில் மேற்கே ஏதாவது ஒரு மலையோ கரடோ நிற்கும். நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு முன்பே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். மைதானம் நிழலுக்குள் வந்துவிடும், வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பிள்ளை இருட்டில், வானம் வெளிச்சத்தில்! ஃபிளாஷ் வைத்திருப்பவர் கேட்டு வாங்கினாலும் கிடைக்காத நேரம் அது. முதல் நாளே போய், சூரியன் எந்த மணிக்கு அந்த மலை விளிம்பைத் தொடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் அடித்த மாதிரியே தெரியவில்லை

வெயில் இன்னும் மைதானத்தில் கிடக்கும்போது வரும் கோளாறு இது. கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும்போது வானத்துக்குச் சரியான அளவு ஏறக்குறைய ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250, எஃப்/4. நிறம் அடர்த்தியாக வர இரண்டு ஸ்டாப் அண்டர் செய்தால், அதாவது வெளிச்சத்தை இரண்டு முறை பாதியாக்கினால், எஃப்/8. ஃபிளாஷிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு எஃப்/8இல் வெளிச்சம் போதுமானதாக இருக்கக் கைட் நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், தூரம் × எஃப் எண்) 40 வேண்டும், அதாவது 5 × 8. சாதாரண ஸ்பீட்லைட்டின், அதாவது கேமராமேல் மாட்டும் சிறிய ஃபிளாஷின், முழு பவரே ஏறக்குறைய அவ்வளவுதான். வெளிச்சத்தை மென்மையாக்கக் குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டினால் அதிலும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் போய்விடும். ஆக, ஃபிளாஷில் பழுது எதுவும் இல்லை. அது சூரியனோடு மல்லுக்கு நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலரும் ஐஎஸ்ஓவை ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் அபர்ச்சரைத் திறப்பார்கள். இரண்டுமே வானத்தையும் சேர்த்து ஏற்றிவிடும், விகிதம் மாறாது. லென்ஸில் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரும் அப்படித்தான். இரண்டு வெளிச்சத்தையும் ஒரே அளவு குறைக்கும். எஃப்/2.8இல் எடுத்துப் பின்னணியை மங்கலாக்க நினைப்பவருக்கு அது உதவும், பலம் போதாத ஃபிளாஷுக்கு உதவாது.

ஃபிளாஷின் கை ஓங்க வழிகள் சிலதான். ஷட்டரை சிங்க் வேகத்தின் (ஃபிளாஷ் அடிக்கும்போது ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கக்கூடிய வேகம்) உச்சத்தில், 1/200 அல்லது 1/250இல், வையுங்கள். குடையைக் கழற்றுங்கள். ஃபிளாஷ் தலையை 105 அல்லது 200 மி.மீ.க்கு ஜூம் செய்து வெளிச்சத்தைக் குவியுங்கள். ஸ்டாண்டைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அதே பவரில் இன்னொரு ஃபிளாஷைச் சேர்த்தால் ஒரு ஸ்டாப் கிடைக்கும். கோடாக்ஸ் ஏடி200 மாதிரி 200 வாட்-செகண்ட் ஃபிளாஷ் இருந்தால் ஸ்பீட்லைட்டைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூடுதலாக இருக்கும். இத்தனையிலும் காசு செலவில்லாதது குடையைக் கழற்றுவதுதான். கல்யாண மண்டபத்துப் பழக்கத்தில் குடையோடு மைதானத்துக்கு வருகிறோம். பாடிப் போகிற பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு, நிழல் கொஞ்சம் மெல்லியதாக இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி, காத்திருப்பது. சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் வானம் மூன்று ஸ்டாப்பை ஒட்டி இறங்கிவிடும். அப்போது அதே நிறத்துக்கு எஃப்/2.8 போதும். ஃபிளாஷ் 1/8 பவரிலேயே வேலையை முடித்துவிடும், பேட்டரியும் சீக்கிரம் தீராது. அதுவரை ஃபிளாஷ் பையிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் மேற்கே பார்த்து ஆடும் பக்கமாக நின்று வெறும் மஞ்சள் வெயிலில் எடுங்கள். அந்த வெளிச்சத்தை எந்த ஃபிளாஷும் தராது.

சூரியனை வைத்தே எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், சூரியன் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஃபிளாஷை அதற்கு எதிர்மூலையில் வையுங்கள். தோள் விளிம்பிலும் தலைமுடியிலும் சூரியன் கோடு போட்டுவிடும். முகத்தில் இருட்டை விலக்கும் வேலை மட்டும் ஃபிளாஷுக்கு.

ஓரத்தில் கருப்புப் பட்டை

ஷட்டர் வேகம் சிங்க் எல்லையைத் தாண்டிவிட்டது. ஷட்டரின் இரண்டாம் திரை மூடத் தொடங்கிய பிறகு ஃபிளாஷ் அடிப்பதால், திரை மறைத்த பகுதி கருப்பாகிறது. கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் பட்டை பக்கவாட்டில் வரும். 1/200க்கு இறக்குங்கள். அப்போதும் மெல்லிய நிழல் தெரிந்தால் ட்ரிக்கர் சற்றுத் தாமதமாகச் சைகை அனுப்புகிறது, 1/160 வைத்துக்கொள்ளுங்கள்.

எச்எஸ்எஸ் (சிங்க் எல்லைக்கு மேலும் ஃபிளாஷ் எரியவிடும் மோடு) போட்டால் 1/1000இலும் பட்டை வராது. அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் துடித்துத் துடித்து எரிவதால் இரண்டு ஸ்டாப்புக்குக் குறையாமல் பலம் போகும். ஷட்டரை இன்னும் ஏற்ற ஏற்ற அதுவும் இன்னும் குறையும். ஃபிளாஷ் சீக்கிரம் சூடாகும். நான்கைந்து மீட்டருக்குள் நிற்கும் ஒரே பிள்ளை என்றால் எச்எஸ்எஸ் சரி. ஆடுகளத்தின் அந்தப் பக்கம் நிற்கும் ஏழு பேருக்கு அது எட்டாது. 2023இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 மாதிரி, படம் முழுதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமரா வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கை ஒன்று கூர்மையாக, பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு கை

இரட்டை உருவம். ஃபிளாஷ் ஒரு கையைக் கூர்மையாகப் பதித்துவிட்டது. ஷட்டர் திறந்திருந்த மீதி நேரத்தில் வெளிவெளிச்சம் நகரும் கையை மறுபடி பதித்துவிட்டது. 1/250 நொடி கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நீளும் கை அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வாலிபாலில் ஓங்கி அடித்த பந்து அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும்.

முதலில் சொன்ன சோதனைப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பிள்ளை தெரிந்தால் இரட்டை உருவம் வந்தே தீரும். வெளிவெளிச்சத்தை அந்தப் பிள்ளைமேல் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் அண்டராக்கினால் மங்கல் உருவம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும். பின்னணியையும் கவனியுங்கள். பிள்ளைக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அது கையின் விளிம்பைத் தின்றுவிடும். இருண்ட புளியமரமோ மலைச்சரிவோ பின்னால் இருந்தால் விளிம்பு சுத்தமாக நிற்கும். வானம் வேண்டும் என்பதற்காகத் தரையோடு படுத்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

ரியர் கர்ட்டன் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிப்பது) வையுங்கள் என்று சிலர் சொல்வார்கள். 1/250இல் அதனால் வித்தியாசம் எதுவும் தெரியாது. 1/30இல் ஓடுகிற பிள்ளையோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கும்போதுதான் அதற்கு வேலை. மங்கல் கோடு பிள்ளைக்கு முன்னால் போகாமல் பின்னால் விழும்.

இரட்டை உருவம் இல்லை, ஆனால் கையே லேசாகக் கலங்கியிருக்கிறது என்றால் பவர் அதிகம். முழு பவரில் ஸ்பீட்லைட்டின் அடி 1/300 நொடி அளவுக்கு நீளும். 1/8க்கு இறக்கினால் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். கையை நிறுத்துவது அந்தக் குறுகிய அடி. பவரை இறக்கி, ஸ்டாண்டைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

தருணத்தையும் பார்க்க வேண்டும். ஸ்மாஷ் அடிக்க எகிறிய பிள்ளை உச்சியில் ஒரு கணம் நிற்கும். நீளம் தாண்டும் பிள்ளை பாதி வழியில் கைகளை மேலே தூக்கும். ஏறி முடிந்து இறங்கத் தொடங்காத அந்தக் கணத்தில் அடித்தால் பாதிக் கோளாறு தானாகவே போய்விடும். ஃபிளாஷ் பழக நினைப்பவர் முதலில் நீளம் தாண்டும் மணல்குழிப் பக்கம் நிற்கலாம். பலகை ஒரே இடத்தில் இருக்கிறது, தூரம் மாறாது, ஒவ்வொருவராகத்தான் வருவார்கள்.

ஃபிளாஷ் எரியவில்லை, அல்லது நினைத்தால் எரிகிறது

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு படம் எடுங்கள். பக்கத்திலும் எரியவில்லை என்றால் கோளாறு செட்டிங்கில். மிரர்லெஸ் கேமராவில் சைலன்ட் ஷட்டர், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர், போட்டிருந்தால் பெரும்பாலான மாடல்களில் ஃபிளாஷ் எரியாது. பள்ளி ஆண்டுவிழாவில் சத்தம் வராமல் இருக்கப் போட்டது அப்படியே கிடக்கும். அடுத்து சேனல், குரூப், ஐடி மூன்றும் ட்ரிக்கரிலும் ஃபிளாஷிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃபிளாஷ் தூங்கிவிட்டதா என்று பாருங்கள். இடைவேளை முடிந்து முதல் படம் எப்போதும் இருட்டாக வந்தால் ஸ்லீப் மோடுதான் காரணம், அதை அணைத்துவிடுங்கள்.

பக்கத்தில் எரிகிறது, தள்ளிப் போனால் எரியவில்லை என்றால் சைகை போய்ச் சேரவில்லை. ஃபிளாஷ் ஆப்டிகல் ஸ்லேவில் (இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து எரியும் மோடு) இருந்தால் வெயிலில் அது கண் தெரியாமல் போகும். பக்கத்தில் இன்னொரு ஸ்டுடியோக்காரர் ஃபிளாஷ் அடித்தால் உங்களுடையதும் சேர்ந்து அடித்துத் தொலைக்கும். ரேடியோ மோடுக்கு மாற்றுங்கள். ரேடியோவிலேயே இருந்தால், அது வைஃபையும் ஓடும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. கோட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் பைகளில் எத்தனை போன் என்று யோசியுங்கள். சேனலை மாற்றிப் பாருங்கள். ஃபிளாஷைத் தலைகளுக்கு மேலே, இரண்டு மீட்டருக்குக் குறையாமல் உயர்த்துங்கள். மனித உடம்பு இந்த அலையை நன்றாக மறைக்கும்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு

எந்த வரிசையில் இருட்டுகிறது என்று கேமராத் திரையில் ஓட்டிப் பாருங்கள். தொடராக எடுத்ததில் முதல் படம் நன்றாக இருந்து இரண்டாவது மூன்றாவது இருட்டாக இருந்தால், ஃபிளாஷ் நிரம்பி முடிவதற்குள் அடுத்ததை அடித்துவிட்டீர்கள். பவரைக் குறையுங்கள், தொடராக எடுப்பதை விட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

வரிசையே இல்லாமல் கூடிக் குறைந்தால், ஃபிளாஷ் பவரைக் கேமராவே கணக்கிடும் டிடிஎல் மோடுதான் காரணம். வெள்ளை பனியன் அணி வந்தால் பவரைக் குறைக்கும், கருநீல ஜெர்சி வந்தால் கூட்டும், பின்னால் வானம் வந்தால் குழம்பும். மேனுவலுக்கு மாறுங்கள். ஒரே ஆடுகளம், ஒரே தூரம் என்றால் டிடிஎல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

மெல்ல மெல்ல வானம் மட்டும் கருத்துக்கொண்டே போனால் எதுவும் கெடவில்லை, பொழுது சாய்கிறது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதனைப் படம் எடுத்து ஷட்டரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்: 1/250, 1/200, 1/160. ஃபிளாஷ் வெளிச்சத்தை ஷட்டர் தொடாது என்பதால் பிள்ளை மாறாது, வானம் மட்டும் திரும்ப வரும். 1/125க்குக் கீழே போக வேண்டி வந்தால் ஷட்டரை விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றி, ஃபிளாஷை ஒரு ஸ்டாப் இறக்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு காரணமும் உண்டு. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வண்டியிலோ மைதானத்திலோ வெந்த ஃபிளாஷ், சூட்டுக் குறியைக் காட்டிவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக நிரம்பும், அல்லது நின்றே போகும். ஆட்டம் தொடங்கும்வரை நிழலில் வையுங்கள்.

கிட்டே இருப்பவர் வெள்ளை, தள்ளி இருப்பவர் கருப்பு

ஃபிளாஷ் மிகவும் கிட்டே இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும். நான்கு மீட்டரில் சரியாக இருந்த பிள்ளை ஆறு மீட்டருக்குப் போனால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருட்டிவிடும். அதே ஃபிளாஷைப் பத்து மீட்டர் தள்ளி வைத்தால், பிள்ளை பன்னிரண்டு மீட்டருக்குப் போனாலும் அரை ஸ்டாப்தான் குறையும். ஆண்களுக்கான கபடி ஆடுகளம் 13 × 10 மீட்டர். அதன் விளிம்பிலேயே ஸ்டாண்டை நட்டால் பாடுபவர் கிட்டே வரும்போது வெளுப்பார், எதிரணிப் பக்கம் போனால் மறைவார். தள்ளி வைத்து, தலையை ஜூம் செய்து, நடுக்கோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் நடுவில் குறிவையுங்கள். மொத்த ஆடுகளத்துக்கும் வெளிச்சம் போட ஆசைப்பட வேண்டாம்.

ஸ்டாண்டைக் கிட்டே கொண்டுவா என்று மேலே சொன்னதற்கு இது நேர் எதிர் என்பது தெரிகிறது. பலம் குறைவென்றால் கிட்டே, சமமான வெளிச்சம் வேண்டுமென்றால் தள்ளி. வெயில் போன பிறகு எடுப்பதால் கிடைக்கும் பெரிய லாபமே, தள்ளி வைக்க உங்களுக்குப் பலம் மிஞ்சும் என்பதுதான்.

வானம் ஆரஞ்சு, பிள்ளை மட்டும் நீலம் பூத்தாற்போல

ஃபிளாஷ் நடுப்பகல் நிறம், ஏறக்குறைய 5500 கெல்வின். சாயும் வெயில் 3000 முதல் 4000. ஃபிளாஷ் முகப்பில் வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் அரை சிடிஓ ஜெலட்டின் தாளை ஒட்டுங்கள். அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் வெளிச்சத்தைத் தின்னும், பரவாயில்லை. ஆரஞ்சு போய் வானம் நீலமான பிறகு முழு சிடிஓ ஒட்டி, கேமராவில் ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனில் வைத்தால் பிள்ளை சரியான நிறத்தில் நிற்க, வானம் இன்னும் ஆழ்ந்த நீலமாகும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அது மனதை மாற்றிக்கொள்ளும்.

படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்

புழுதி. மண் ஆடுகளத்தில் கபடி என்றால் தப்ப முடியாது. ஃபிளாஷ் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் வெளிச்சம் வாங்கிப் புள்ளியாக விழும். ஸ்டாண்டைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். இன்னும் துணிந்து ஆட்டக்காரருக்குப் பின்பக்க மூலைக்கே கொண்டுபோனால் அதே புழுதி பிடிக்குள் விழுந்தவர்களைச் சுற்றிப் புகையாக எழும்பி, படத்துக்கே உயிராகிவிடும். லென்ஸுக்கு ஹூட் மாட்டுங்கள், வெளிச்சம் நேராக லென்ஸில் விழாதபடி ஃபிளாஷ் ஓரத்தில் கருப்பு அட்டை ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலையும் வியர்த்த நெற்றியும் கண்ணாடியாகப் பளபளத்தால் அதற்கும் இதே பக்கவாட்டு இடம்தான் மருந்து.

வியூஃபைண்டர் இருட்டு, ஃபோகஸ் தேடுகிறது

வானத்துக்காக அண்டர் செய்ததை மிரர்லெஸ் அப்படியே வியூஃபைண்டரில் காட்டுகிறது. எக்ஸ்போஷர் பிரிவியூவை அணைத்தால் காட்சி வெளிச்சமாகிவிடும். ஃபோகஸ் புள்ளியை முகத்தில் வைக்காமல் ஜெர்சி எண்ணின் விளிம்பில் வையுங்கள்.

ஸ்டாண்ட் சாய்கிறது, பிள்ளை கண்ணை மூடுகிறது

குறுவட்டப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் ஆடியும் வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் குடை எம்மாத்திரம்? ஜிப் வைத்த அரிசிப் பையில் மணலை நிரப்பி ஸ்டாண்ட் காலில் தொங்கவிடுங்கள். அதைவிட நல்லது ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. வாலிபாலில் கோட்டுக்கு வெளியே மூன்று மீட்டர் பந்தைத் துரத்தி ஓடும் இடம், ஸ்டாண்ட் அதற்கும் வெளியேதான் நிற்க வேண்டும்.

சர்வீஸை எடுக்க நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேராகவோ, ஓடி வரும் திசைக்கு எதிராகவோ ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. “ணா, கண்ணு கூசுதுணா” என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்போதே ஸ்டாண்டை நகர்த்துங்கள், வாதாட வேண்டாம். நடுவரிடமும் பி.டி. மாஸ்டரிடமும் ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பயிற்சி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். படத்தை வெளியே போடுவதானால் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை.

மைதான விளக்கு போட்ட பிறகு நிறம் மாறி மாறி வருகிறது

பொங்கலை ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில் இதைப் பார்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, மூன்றாவது பாதி இருட்டு என்று வரும். கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். அந்த வேகத்தில் ஓட்டம் கலங்கும். வானமும் கருத்துவிட்டது, விளக்கும் வந்துவிட்டது என்றால் ஃபிளாஷைக் கழற்றிவிட்டு ஐஎஸ்ஓ 3200, 1/500 என்று விளக்கு வெளிச்சத்திலேயே எடுப்பதுதான் நல்லது. அதற்குமேல் ஃபிளாஷ் தேவைப்படுவது பரிசளிப்பு மேடையில்தான்.